அடி காணாத டப்பா

நாகராசு முதலாளியின் பஸ் பட்டறையில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். பன்னிரண்டாவதாக ஒரு டப்பா இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறும். மற்ற பதினோரு பேரில் யாருக்கும் அப்படி ஒரு கௌரவம் நடந்ததில்லை.

டப்பாவுக்குள் இருந்தது அரக்குப் பசை. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் தேன் மாதிரி ஒன்று இறங்கும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்ச் சட்டியை மாட்டும்போது அதன் விளிம்பிலும், முடுக்குகிற போல்ட்டுகளின் மரையிலும் அதைத் தடவுவார்கள். காய்ந்துவிட்டால் எண்ணெய் கசியாது. நட்டும் தானாகக் கழலாது. அறந்தாங்கி ரோடு அப்போது குலுக்கிய குலுக்கலுக்கு, ஏறுகிற ஆட்களின் பல்லுக்கும் கொஞ்சம் தடவி அனுப்பியிருக்கலாம்.

டப்பாவுக்கு வந்த மரியாதை முதலாளியின் தாத்தா காலத்துச் சொத்து. கீழ ராஜ வீதியில் அவருக்கு எண்ணெய்க் கடை. அந்தக் கடையில் எந்தப் பாத்திரத்துக்கும் அடி தெரியக்கூடாது. வழித்து எடுத்தால் லட்சுமி கிளம்பிவிடுவாள் என்று கணக்கு. அடி தெரியும் முன்னே புதுச் சரக்கை மேலே ஊற்றிவிட வேண்டும். புதுப் பாத்திரம் வைக்கும்போது அடியில் சமஸ்தானத்துச் செப்புக் காசான அம்மன் காசு ஒன்று போட வேண்டும். சமஸ்தானம் போய், கடைத்தெருவில் அந்தக் காசு செல்லாமலான பிறகும், முதலாளி வீட்டுப் பாத்திரங்களின் அடியில் மட்டும் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது. ஐம்பத்தொன்றில் முதலாளி எண்ணெயை விட்டு பஸ்ஸுக்கு வந்தார். முதல் பஸ்ஸோடு வாங்கிய பசை டப்பாவுக்கும் ஒரு அம்மன் காசு போட்டார். ஐந்து வருஷமாக அந்த டப்பாவின் அடியை ஈ எறும்பு கூடப் பார்த்ததில்லை. பட்டறையில் சாமான் அறைக்குப் பொறுப்பான பிச்சைமுத்து, பசை கால் டப்பாவுக்கு இறங்கியதும் புதிதாகக் கரைத்ததை அதன் தலையில் ஊற்றி நிரப்பிவிடுவார்.

ஐம்பத்தாறு பங்குனியில் வினை வந்தது. முதலாளியின் மச்சான் வீட்டுக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன பஸ், அழியாநிலைக்குப் பக்கத்தில் எண்ணெயை எல்லாம் ரோட்டில் விட்டுவிட்டு நின்றுபோனது. அடிச்சட்டி நட்டுகள் ஏழெட்டு கழன்றிருந்தன. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றார்கள். ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை மானம் போனது கம்பெனிக்கு; இந்தத் தடவை மச்சான் முன்னால் முதலாளிக்கே போனது.

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் அருள்சாமியைக் கூப்பிட்டார். அருள்சாமி ஆவூர்க்காரன். வயது முப்பத்திரண்டு. பட்டறையில் எஞ்சின் வேலை முழுவதும் அவன் கையில்தான்.

"அருளு, ஒன்னைய எதுவும் கேக்கப்போறதில்லை. நீயே சொல்லிரு."

"என்னத்தைங்க மொதலாளி?"

"இந்த மாசம் ஸ்பிரிட்டு போன மாசத்தைப் போல ரெண்டு பங்கு போயிருக்கு. பசையோ காய மாட்டேங்குது. ஸ்பிரிட்டு எங்க போச்சு? பசையில தண்ணி எப்படி வந்துச்சு? ரெண்டுக்கும் ஒரே பதில்தான்னு எனக்குத் தோணுது."

மதுவிலக்கு வந்ததிலிருந்து ஊரில் ஆட்கள் மரத்துக்கு அடிக்கிற பாலிஷைக்கூட விட்டுவைக்கவில்லை. ஸ்பிரிட் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், அவுன்ஸ் தவறாமல் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அருள்சாமிக்கு முதலாளி எந்தப் பக்கம் போகிறார் என்று புரிந்தபோது காது மடல் சுட்டது.

"நான் குடிச்சேங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? கோயில்ல ஒங்களுக்கு ஒயின் குடுத்துப் பழக்குறாங்களாமே?"

"அது சாமியார் குடிக்கிறதுங்க. எங்களுக்கு அப்பம் மட்டுந்தான். நாப்பது வருசமா எங்க ஐயா பூசைக்குப் போறாரு, ஒயினு என்ன நெறம்னுகூட அவருக்குத் தெரியாது."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு வந்தாலும் சரக்கு விலையைக் குறைக்காத பரம்பரை. "திங்கக்கெழமை மதுவெலக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. ரெண்டு பங்கு ஏன் போச்சுன்னு கேப்பாரு. நான் ஒரு பேரைச் சொல்லணும். நீ காட்டுறதை அதுக்குள்ள காட்டு. இல்லேன்னா ஒம் பேருதான்."

பேரைச் சொன்னால் வேலை போகும். வேலையோடு போனால் பரவாயில்லை, கேஸ் வரும். ஆவூரில் ஈஸ்டர் திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தக் கூட்டத்தில், பஸ் பட்டறை ஸ்பிரிட்டைக் குடித்து மாட்டிக்கொண்டவன் என்ற பேரோடு தேர் வடத்தைத் தொட முடியுமா?

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த மனைவி அமலராணியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். எதையும் பாதியில் விடாத ஜாதி.

"குடிச்சீங்களான்னு நான் கேக்கப்போறதில்லை. குடிச்சா நீங்க பாட்டுப் பாடுவீங்க, எனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். "சரி, பசை ஏன் காயல?"

"அதான் தெரியலையே."

"மூணு தடவை கழண்டிருக்கு. மூணு தடவையும் திருப்பி முடுக்குனீங்க. ஏன் காயலைன்னு ஒரு தடவையாச்சும் ஒக்காந்து பாத்தீங்களா?"

அவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்கிட்டுப் போறீங்க?"

"பாக்க."

"சாப்புட்டுட்டுப் பாக்கக் கூடாதா? அந்த டப்பா எங்கேயும் ஓடிப்போகாது."

ஓடித்தான் போயிருக்க வேண்டும், அந்த இடத்தில் இருந்ததற்கு. சாமான் அறைக்குத் தகரக் கூரை. அதற்கு ஒரு முழம் கீழே, எல்லாருக்கும் மேலே இருக்கட்டும் என்று கட்டிய தனிப் பலகையில் டப்பா வீற்றிருந்தது. மனுஷன் அங்கே கால் மணி நேரம் தலையை நீட்டினால் மூளை இளகிவிடும். அருள்சாமி டப்பாவை இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான்.

"ஏம்ப்பா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா அதைத் தூக்குற?" என்றார் பிச்சைமுத்து, ஸ்டூலில் இருந்தபடியே.

"பாத்துட்டு வச்சிர்றேண்ணே."

ஐந்து வருஷமாக ஒவ்வொரு தடவை சாய்க்கும்போதும் வாயிலிருந்து ஒரு கோடு வழிந்து, டப்பாவின் உடம்பில் கோடு மேல் கோடாகப் பசை படிந்திருந்தது. அருள்சாமி அடியில் கிடந்த மிகப் பழைய கோட்டை நகத்தால் கீறினான். கண்ணாடி. நகம்தான் மழுங்கியது. அதற்கு மேல் படிந்ததைக் கீறினான். கொஞ்சம் பொருபொருவென்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த மாதத்துக் கோட்டில் விரலை வைத்தான். விரல் ஒட்டியது. அதில் பத்து நாளைக்கு முந்தி உட்கார்ந்த ஈ ஒன்று இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒரே டப்பா. ஒரே அரக்கு. ஒரே ஸ்பிரிட். முதல் வருஷம் வழிந்தது கல்லாகிவிட்டது; இந்த வருஷம் வழிந்தது பலாப்பழப் பாலாக நிற்கிறது.

"அண்ணே, இந்த டப்பாவை எப்பக் கடைசியா காலி பண்ணுனீங்க?"

பிச்சைமுத்து வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "வாயைக் கழுவு. காலியாவது, கீலியாவது."

அருள்சாமி டப்பாவைப் பலகையில் வைத்தான். அப்போதே முடிவு செய்துவிட்டான்: திங்கட்கிழமைக்குள் இந்த டப்பா கவிழும், இல்லாவிட்டால் நான் கவிழ்வேன்.

சனிக்கிழமை காலையில் முதலாளி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே எதிரே நின்றான். கையில் கடைத்தெருவில் தன் காசில் வாங்கிய கால் ராத்தல் அரக்குச் செதில், ஒரு கழுவிய கண்ணாடிப் பாட்டில்.

"நாலு அவுன்சு ஸ்பிரிட்டு வேணும் மொதலாளி."

"திருடு போன வீட்டுக்காரங்கிட்ட வந்து சாவி கேக்குற."

"உங்க கையாலேயே ஊத்துங்க. பசையில தண்ணி இல்லைன்னு உங்க கண்ணு முன்னாடியே கரைச்சுக் காட்டுறேன். நான் சொல்றது நடக்கலைன்னா, இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும், நானே ஸ்டேஷனுக்கு நடந்து போயிர்றேன்."

முதலாளிக்கு ஸ்பிரிட்டை விட இந்தப் பேச்சு போதை தந்தது. பேரம் என்று வந்துவிட்டால் அவர் பசி தாகம் பார்க்க மாட்டார். "ஒரு அவுன்சு."

"ஒரு அவுன்சுல அரக்கு நனையக்கூடச் செய்யாதுங்க. மூணரை."

"ஒன்றரை. ரிஜிஸ்டர்ல நான் எழுதணும்ப்பா."

"சோதனைக்குன்னு எழுதுங்க. மூணு."

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு சொட்டுன்னாலும் நீ ஸ்டேஷனுக்கு இப்பவே கெளம்பு."

"ரெண்டரை. ஊத்துற கை உங்க கை."

ரெண்டரையில் முடிந்தது. அருள்சாமிக்கு உண்மையில் இரண்டு போதும். அவனும் ஐந்து வருஷமாக அதே பட்டறையில் இருக்கிறவன்தானே.

அரக்கு கரைய வெயிலில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். பத்து மணிக்கு மூன்று போல்ட்டுகளை சிமெண்ட் மேடையில் நிறுத்தினான். முதல் போல்ட்டின் மரையில் புதுப் பசை. இரண்டாவதுக்கு, அதே புதுப் பசையில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, முதலாளியைக் கூப்பிட்டு, ஒரு கரண்டி தண்ணீர் விட்டான். தேன் மாதிரி இருந்தது அந்த நிமிஷமே திரிந்து, மோர் மாதிரி வெளுத்தது.

"இதான் தண்ணி கலந்த பசை. நெறத்தைப் பாத்துக்கங்க."

மூன்றாவதுக்கு டப்பாப் பசை. கறுத்த டீ டிகாக்ஷன் மாதிரி, வெளுப்பு ஒரு பொட்டு இல்லாமல் தெளிவாக வழிந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல், சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். யாராவது நட்டை மாற்றிவிட்டால்?

மூன்று போல்ட்டுக்கும் நட்டு முடுக்கி, மூன்றையும் பங்குனி வெயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, அருள்சாமி அறந்தாங்கி பஸ்ஸின் அடியில் படுத்துப் பழைய பசையைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட அது கத்தியோடு நூலாக வந்தது.

நாலு மணிக்கு முதலாளியே எழுந்து வந்தார்.

"நீங்களே கழட்டுங்க," என்றான் அருள்சாமி.

மூன்றாவது நட்டைத்தான் முதலில் தொட்டார். இரண்டு விரலுக்கு அது தாழ்ப்பாள் போலத் திரும்பியது; விரலில் பசை இழைந்தது. இரண்டாவது நட்டு கழன்றபோது மரையிலிருந்து சுண்ணாம்பு மாதிரிப் பொடி உதிர்ந்தது. முதல் நட்டு விரலுக்கு அசையவில்லை. ஸ்பானர் போட்டார். அசையவில்லை. எண்ணெய்ச் செக்கு ஆண்ட வம்சம், பல்லைக் கடித்து ஒரு தம் பிடித்தார். டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டது.

"தண்ணி கலக்கல," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கலக்கல."

"அப்ப ஸ்பிரிட்டு ரெண்டு பங்கு ஏன் போச்சு?"

"காயாத பசையை மூணு தடவை தடவுனா மூணு பங்கு போகணும். நான் சிக்கனமாத் தடவியிருக்கேன்."

"காயாம ஏன் போச்சு?"

அருள்சாமி டப்பாவை இறக்கி வந்து முதலாளி முன்னால் வைத்து, உடம்பில் வழிந்த கோடுகளைக் கீழிருந்து மேலாக அவர் நகத்தாலேயே கீறச் சொன்னான். கல், பொருபொருப்பு, பிசின். கடைசியாக அந்த ஈ.

"அரக்கு ஸ்பிரிட்டுல கரைஞ்சு அப்படியே கெடந்தா கெட்டுப்போகுதுங்க. ஆறு மாசம் தாங்கலாம். கூரைச் சூட்டுல அதுவும் தாங்காது. கெட்ட பசை பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா எத்தனை நாளானாலும் காயாது. நாம என்ன பண்றோம், கெட்டதைக் கீழ வச்சுக்கிட்டு நல்லதை அது தலையில ஊத்துறோம். ஒவ்வொரு தடவையும் புதுசு பாதி உசுரோடதான் வெளிய வருது. இந்த டப்பாவைக் கவுத்தாகணும்."

பிச்சைமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். முதலாளியின் முகம் மாறியது.

"அருளு, நீ குடிக்கல. ஒத்துக்கிட்டேன். அத்தோட விடு."

"விட்டா அடுத்த மாசம் திரும்ப நட்டு கழலும். திரும்ப நான்தான் குடிச்சவன்."

"வேற டப்பா வாங்கிக்க. இது பாட்டுக்கு இது இருக்கட்டும்."

"இருந்தா பிச்சைமுத்து அண்ணன் சும்மா விடமாட்டாரு. இவ்வளவு சரக்கு வீணாப் போகுதேன்னு இதுலேருந்து அதுல ரெண்டு கரண்டி ஊத்துவாரு."

"ஊத்துவேன்தான்," என்றார் பிச்சைமுத்து, மறைக்கத் தெரியாத மனுஷர்.

"சரிப்பா, பாதியைக் கொட்டிருவோம்," என்றார் முதலாளி.

"இல்லீங்க."

"முக்கால்வாசி. அடியில கொஞ்சம், நெனப்புக்கு."

"அந்தக் கொஞ்சம்தாங்க வெசம். நூறு தடவை பேரம் பேசுனாலும் அது காயாது."

"எங்க தாத்தா காலத்துலேருந்து..."

"தாத்தா வச்சது எண்ணெய். எண்ணெயில பழசும் புதுசும் சேந்து கெடந்தா வாசனைதான் கொஞ்சம் கெடும். இது அப்படி இல்லை. இதை நம்பி நாப்பது பேரு பஸ்ஸுல ஒக்காந்திருக்காங்க. மொதலாளி, நீங்க கவுக்கலைன்னா இந்த டப்பாவை நான் தொட மாட்டேன். தொடாம எஞ்சின் பூட்ட முடியாது. நான் திங்கக்கெழமை வரல."

பட்டறையே நின்றது. சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். முதலாளி டப்பாவின் குங்குமத்தை விரலால் தொட்டார்.

"அடியில அம்மன் கெடக்குறாடா," என்றார் கடைசியில், முதலாளிக் குரல் இல்லாமல்.

அருள்சாமிக்கு அப்போதுதான் எங்கே பிடி விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. பேச்சைத் தணித்தான். "அம்மனை யாரு கொட்டச் சொன்னா? அஞ்சு வருசமா அவளை இந்தச் சேத்துல அமுக்கி வச்சிருக்கோம். எடுத்துக் கழுவுவோம். புதுப் பசையைக் கண்ணாடிப் பாட்டில்ல வச்சு, பாட்டிலை ஒரு தகர டப்பாக்குள்ள எறக்கி, தண்ணிப்பானைக்குப் பக்கத்துல மணல்ல வச்சிருவோம். டப்பா மூடி மேல காசை இந்தப் பசையாலேயே ஒட்டிர்றேன். தெனமும் நீங்க தொட்டுக் கும்பிடலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாட்டிலைக் காலி பண்ணிப் புதுசு கரைப்பேன், காசையும் பேத்துப் புதுசுல ஒட்டுவேன். என்னைக்குக் காசு கழண்டு விழுதோ, அன்னைக்குப் பசை செத்துப்போச்சுன்னு அர்த்தம். அம்மனே சொல்லிருவா. எம் பேரை யாரும் சொல்ல வேண்டாம்."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எண்ணெய்க் கடை வச்சிருக்க வேண்டியவன்," என்றார். பிறகு டப்பாவைத் தானே தூக்கினார். மற்றவன் கையில் அது கவிழக்கூடாது.

வேலி ஓரத்துக் குழியில் கவிழ்த்தார். மேல் பாதி வழிந்தது. நடுவில் கட்டியாக இழுத்தது. அடியில் இருந்தது விட்டுக்கொடுத்தால்தானே. அருள்சாமி சுரண்ட ஒரு தகட்டைக் கொடுத்தான். முதலாளி உட்கார்ந்து வழித்தார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பாத்திரத்தை அடி வரைக்கும். கறுத்த பாகுக்கு நடுவே பச்சைக் களிம்பு பிடித்து ஒரு வில்லை வந்தது. துடைத்துப் பார்த்தார். அம்மன் முகம் தெரியவில்லை.

"பாட்டில்ல கொஞ்சம் ஸ்பிரிட்டு மிஞ்சியிருக்கா?"

"அரை அவுன்சு ஒதுக்கி வச்சேங்க."

அதை வைத்து அம்மனைக் குளிப்பாட்டினார்கள். அந்த அரை அவுன்ஸுக்கு யாரும் பேரம் பேசவில்லை. ஒரு பக்கம் அம்மனும் மறு பக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்தும் மெல்ல மேலே வந்தன. ஞாயிற்றுக்கிழமை அமலராணியோடு குருத்தோலை பிடிக்கக் கோயிலுக்குப் போகுமுன், புது டப்பா மூடியில் ஒட்டிய காசு பிடித்துவிட்டதா என்று அருள்சாமி ஒரு நடை பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"போன மாசத்துக்கு ரெண்டு பங்கு போயிருக்கே? யாரு பொழங்குறது?"

அருள்சாமி கையில் பிடித்திருந்த ஸ்பானர் வேர்வையில் வழுக்கியது. பதினோரு பேரும் முதலாளியின் வாயைப் பார்த்தார்கள். சரக்கில் குறை என்று வந்தால் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்ட வியாபாரியை அந்த வீதியில் யாரும் பார்த்ததில்லை.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "பழைய சரக்குங்க. அஞ்சு வருசமாக் கொட்டாம வச்சிருந்தேன். காயல, அதனால திருப்பித் திருப்பித் தடவ வேண்டியதாப் போச்சு. மெக்கானிக்குதான் கண்டுபிடிச்சான். வச்ச ஆளு நான்."

இன்ஸ்பெக்டர் அவரையும் நம்பவில்லை, ரிஜிஸ்டரையும் நம்பவில்லை. மணலில் இருந்த புது டப்பாவிடம் போனார். மூடியில் மின்னிய காசைக் கண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பில் கொடுத்து நெம்பினார். காசு அசையவில்லை. இன்னொரு தடவை நெம்பினார்.

"பாத்துங்க சார்," என்றார் நாகராசு முதலாளி, "நகம் பேந்துரும்."